ஓராண்டின் கமிட் குறிப்புகள்

நிரலில் செய்த மாற்றத்தைக் கிட் (Git) என்னும் மாற்றப் பதிவு மென்பொருளில் சேமிக்கும்போது கூடவே எழுதிவைக்கும் ஓரிரு வரிக்குக் கமிட் குறிப்பு என்று பெயர். தலைப்பு வரி 50 எழுத்துக்குள் அடங்குவது நல்ல வழக்கம். அந்தச் சிக்கனமே அதன் அழகு. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டான இளைஞரின் குறிப்புகளைப் பழையதிலிருந்து படிக்க வேண்டும் (கிட் புதியதைத்தான் முதலில் காட்டும்). தொடக்கத்தில் 'சரிசெய்தது', 'மறுபடி சரிசெய்தது', 'இப்போது நிச்சயம்' என நள்ளிரவு தாண்டி அரை மணிக்குள் மூன்று வரிகள். விசைப்பலகையின் படபடப்பு அதில் இன்னும் கேட்கிறது.

போகப்போக விரல்கள் நிதானிக்கின்றன. ஒரே மூட்டையாகக் கட்டிய மாற்றங்கள் சிறு பொட்டலங்களாகப் பிரிகின்றன. கேட்டுக்கொண்டால், மாற்றங்களைத் துண்டுதுண்டாகக் காட்டி, 'இதைச் சேர்க்கலாமா?' என்று கிட் ஒவ்வொன்றாகக் கேட்கும். அத்தனைக்கும் பதில் சொல்லும் பொறுமை, அரிசியில் கல் பொறுக்கும் பொறுமைதான். குறிப்பில் காரணமும் வந்துவிடுகிறது: 'கடைசிப் பெயர் இல்லாதவர்களுக்குப் படிவம் நின்றுவிடுகிறது. அந்தக் கட்டாயத்தை நீக்கியது.' இரண்டே வாக்கியம், ஒரு சொல்கூட மிகையில்லை. ஆண்டின் கடைசிக் குறிப்பில் புதிதாக எதுவும் சேரவில்லை: 'பயன்படாத வரிகளை அழித்தது.'