முதல் அலையை விடுகிறவர்

மஞ்சள் பலகைக்காரரின் முண்டாகா அலைச்சறுக்குக் காணொளி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். இரண்டு விதமாகச் சுற்றுகிறது. சுருக்கமானதில் அவர் பேரலுக்குள், அதாவது அலைக்குழலுக்குள், மறைந்து, இனி வரமாட்டார் என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு வெளியே வருகிறார். அதற்குக் கைதட்டல். முழு நீளத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தபடி நல்ல நல்ல அலைகளைப் போகவிடுகிறார். அதற்குக் கேலி. பயந்துவிட்டார் என்கிறார்கள். ‘பலகை மேல் தியானம்’ என்றார் ஒரு நண்பர். என்னைக் கேட்டால் முழு நீளம்தான் ஆட்டம், மற்றது பரிசளிப்பு விழா.

உட்கார்ந்திருக்கிறார் என்பதே முதலில் தவறு. அவர் கைகளைப் பாருங்கள், ஓய்வதே இல்லை. நீர் வற்றும் நேரத்தில் உர்தைபாய் கழிமுகத்துத் தண்ணீரெல்லாம் முண்டாகாவில் ஓக்கா ஆற்றின் ஒரே வாய் வழியாகக் கடலுக்குப் போயாக வேண்டும். பிஸ்கே விரிகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் நான்கு மீட்டர்வரை ஏறி இறங்கும். துறைமுகத்தில் பலகையோடு குதித்தவரை அந்த ஓட்டமே அலைக்குக் காத்திருக்கும் லைன்அப்பில் கொண்டுபோய் விடும். செலவில்லாத சவாரி. ஆனால் இறங்குமிடம் வந்ததும் அது நிற்காது, அப்படியே இசாரோ தீவுப் பக்கம் தள்ளப் பார்க்கும். அங்கே ஓரிடத்தில் இருப்பதற்கே உழைக்க வேண்டும். இவர் பார்வை பாதி நேரம் கரை மேல்தான் இருக்கிறது. தேவாலயத்தையும் அதன் பின்னால் ஏதோ ஒரு வீட்டையும் நேர்க்கோட்டில் வைத்து இடம் பிடிக்கிறார் என்பது என் ஊகம். நம் கட்டுமரக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லாத வித்தை.

இப்போது அந்த முதல் அலை. செட், அதாவது அலைக்கூட்டம், வருகிறது, ஆறேழு பேர் பாய்கிறார்கள், இவர் தோள்கூட அசையவில்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். முண்டாகாவில் முதல் அலை பந்தி போலத் தெரிகிற படை. வெளியே பாயும் ஆற்றோடு முட்டும் அலை நெருங்கி, உயர்ந்து, சுவராகிறது. அடியில் மணல் திட்டு. நீர் இறங்க இறங்கத் திட்டின் மேல் தண்ணீர் மெலிகிறது. வேகமும் குழலும் அதனால்தான், விழுந்தால் படுகிற அடியும் அதனால்தான். முதல் அலையில் விழுந்தவர் தலையில் மிச்ச செட் முழுவதும் வரிசையாக இறங்கும். விழாமல் போனவர் மட்டும் என்ன பிழைத்தார்? முந்நூறு, நானூறு மீட்டர் இடப்பக்கம் ஓடி லைடா கடற்கரைப் பக்கம் போய் நிற்பார். சுற்றிக்கொண்டு வருவதற்குள் செட் முடிந்துவிடும். அதுவரை டேக்-ஆஃப் இடத்தில் இலைகள் காலி, மஞ்சள் பலகைக்காரர் அப்போதுதான் உட்காருகிறார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, என்னைக் கவர்ந்தது அதுதான். முதல் அலை அவருக்கு வேவு பார்க்கிறது. அது கடந்த பிறகு அவர் திரும்பி அதன் முதுகைப் பார்க்கிறார்: எங்கே மடிந்தது, மடிப்பு சீராக ஓடியதா, மொத்தமாகச் சரிந்து மூடிக்கொண்டதா. உடனே இரண்டு கை நீந்தி இடம் மாறுகிறார். போன வாரத்துத் திட்டு இந்த வாரம் அங்கேயே இருக்கும் என்று யார் சொன்னது? அது பாறை இல்லை, மணல். 2003-ல் கழிமுகத்துக்குள் மணல் தோண்டியதும் திட்டு கலைந்து, ஐரோப்பாவின் பேர்போன இடது அலையே காணாமல் போனது. 2005-ல் உலகச் சுற்றுப் போட்டியை ரத்து செய்தார்கள். பிறகு ஆறும் கடலும் மெல்ல மெல்ல மணலைத் திரும்பச் சேர்த்தன. முட்டுக்காட்டு முகத்துவாரம் மூடித் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

நான் ரெகுலர்காரர்கள் கட்சி என்பதை மறைக்கப்போவதில்லை. முண்டாகாவில் வலது கால் முன்வைக்கும் கூஃபிகளுக்கு அலை கண்ணெதிரே விரிகிறது. இவர் ரெகுலர், இடது கால் முன்வைப்பவர்; அலைக்கு முதுகைக் காட்டி, பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தபடி நுழைய வேண்டும். உள்ளே போன பிறகு திருத்திக்கொள்ள வாய்ப்பு குறைவு. ஆகவே திருத்தமெல்லாம் வெளியிலேயே, எழுந்து நிற்பதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். ஒரு கூஃபி இப்படிக் காத்திருந்தால் நானும் சோம்பேறி என்றே எழுதியிருப்பேன்.

போட்டியில் இதெல்லாம் எடுபடாது என்கிறார்கள். ஏன் எடுபடாது? கணக்கில் சேர்வது சிறந்த இரண்டு அலைகள் மட்டும். முன்னுரிமை கையில் இருக்கும்போது ஓர் அலைக்கு நீந்திப்போய்த் தவறவிட்டால் முன்னுரிமையும் போகும். தோளசையாமல் விடுகிறவருக்கு அந்த நஷ்டம் கிடையாது. எதிராளி ஆசைப்பட்டு அந்த அலையில் ஏறினால் லைடா பக்கம் போய்த் தொலைவார்.

ஆனால் 2028 ஒலிம்பிக்கில் இவரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே அலைச்சறுக்கு நடக்கவிருக்கும் லோயர் டிரெசில்ஸும் ஓடை வாய்தான். சான் மத்தேயோ ஓடை உருட்டி வந்த கூழாங்கற்கள் மேல் உடைகிற அலை. ஆனால் அது வேறு சாதி: இடமும் வலமும் ஒழுங்காக விரியும், திருப்பங்களுக்குத்தான் மதிப்பெண், முதல் அலையை எடுத்ததற்காக யாரையும் தண்டிக்காது. அங்கேயும் இவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். தகுதி பெற்றாலும் இரண்டாவது சுற்றைத் தாண்டமாட்டார் என்பது என் கணிப்பு. அன்றைக்கு இதே கைபேசிகளில் மறுபடி ‘தியானம்’ சுற்றும்.

அதற்கு முன் இந்தக் குளிர்காலம் இருக்கிறது. டிசம்பர் அமாவாசையை ஒட்டித் தெற்குக் காற்றும் வடமேற்கு ஸ்வெல்லும் சேர்ந்து வாய்த்தால் இவர் தண்ணீரில் இருப்பார். முதல் சவாரிக்கு முன் எத்தனை செட்டை விடுவார் என்று எங்கள் அலுவலகத்தில் பந்தயம், ஒரு மட்டன் பிரியாணிக்கு. உதவி ஆசிரியர் இரண்டு என்கிறார். நான் நான்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஐந்தாவது செட், மூன்றாவது அலை.