கடல் தெரியாத கடற்கரைச் சாலை

திருவான்மியூரில் ஏறினால் புதுச்சேரி வரை சுமார் 150 கிலோமீட்டர் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் நம்பிக்கை. சினிமாப் பாட்டுக் காட்சிகளும் விடுதி விளம்பரங்களும் சேர்ந்து வளர்த்த நம்பிக்கை அது. தெற்கே போகும் வண்டியில் கடல் இடப்பக்கம் இருக்க வேண்டும். பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று ஊர்ப் பலகைகள் வருகின்றன, கடல் வருவதில்லை. கல்யாண மண்டபம், பண்ணை வீட்டு மதில், ரிசார்ட் வாசல், பிரியாணிக் கடை, மறுபடியும் மதில். முட்டுக்காட்டுப் பாலத்தில்தான் முதன்முறையாக வெளி திறக்கிறது. அங்கேயும் கண்ணை நிறைப்பது கழிமுகம். கடல் அதற்கு அப்பால் ஒரு கோடாகத்தான் தெரியும்.

ஆகவே, நாட்டின் அழகான கடலோரச் சாலைகளில் ஒன்று என்று இதைக் கொண்டாடுவது தகுமா என்று கேட்டாக வேண்டும். அதற்கு முன் எந்த அளவுகோலால் அளப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. சாலை மலையின் இடுப்பில் போகிறது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் கடல் காலடியில் கிடக்கிறது. நம்முடையது தட்டையான மணற்கரை. அலை, மணல்மேடு, சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் உப்பங்கழி, பிறகு வயல் என்பதுதான் இந்தக் கரையின் அடுக்கு. பெரும்பாலான இடங்களில் சாலை மணல்மேட்டுக்குப் பின்னால் போகிறது, அப்படித்தான் போகவும் வேண்டும். மணல்மேட்டை வெட்டிக் கடலைக் காட்டும் சாலை ஒரு புயலுக்குக்கூடத் தாங்காது. கடல் தெரியவில்லை என்பதற்காக மட்டும் இந்தச் சாலையைக் குறை சொன்னால், மலை இல்லாததற்கு மணலைக் குற்றம் சொன்னதாகிவிடும்.

சரியான அளவுகோல் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. நெய்தல் என்று பாடிய சங்கப் புலவர்கள் கடலை மட்டும் பாடவில்லை. கழியும் கானலும் தாழையும் உப்பும் மீன் காயும் மணலும் சேர்ந்ததுதான் அவர்கள் பாடிய நிலம். அதைவிட நெருக்கமான சான்றும் உண்டு. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அந்த இடைக்கழிநாடு இன்றும் பேரூராட்சியாக இதே சாலையில், கடலுக்கும் கழிக்கும் நடுவே இருக்கிறது. பரிசு தேடும் பாணனுக்கு அவர் சொல்லும் வழியில் முதலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அங்கே பரதவர் தேறல் தருவார்கள், சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்று வழி சொல்கிறது பாட்டு. இந்தக் கரைக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பயணக் கையேடுகளில் ஒன்று அது. அதில் காட்சிமுனை எதுவும் இல்லை. ஊர் இருக்கிறது, ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தரும் உணவு இருக்கிறது.

இந்த அளவுகோலோடு பார்த்தால் சாலை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள வடபாதிக்குத்தான் புகழெல்லாம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம், ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் நிறுவிய முதலைப் பண்ணை ஆகிய மூன்றும் அருமையான இடங்கள். ஆனால் இவற்றுக்காக வருகிறவர் கடலுக்காக வரவில்லை. இவை திண்டிவனம் சாலையில் இருந்தாலும் போவோம். மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குச் சற்று வடக்கே உள்ள சாளுவன்குப்பத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். சுனாமிக்குப் பிறகு, 2005இல், தொல்லியல் துறை அங்கே மணலுக்கடியில் ஒரு முருகன் கோயிலைக் கண்டெடுத்தது. பல்லவர் காலக் கட்டடத்துக்குக் கீழே இன்னும் பழைய செங்கல் கட்டுமானம். கடல் ஒரு கோயிலை மூடவும் திறக்கவும் செய்யும் என்பதற்குக் கண்முன் சான்று அது. பக்கத்திலுள்ள புலிக்குகையோடு திரும்பிவிடும் கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

வடபாதியின் உண்மையான குறை மதில்தான். கடல் தள்ளி இருப்பதை மன்னிக்கலாம். கடலுக்குப் போகும் வழியை அடைத்ததை மன்னிக்க முடியாது. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடம் விட வேண்டும் என்றது. 20 மீட்டர் என்பது சந்து இல்லை, ஒரு நல்ல தெருவின் அகலம். முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை அப்படி எத்தனை தெருக்கள் சாலையிலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படுகின்றன? காசு கொடுத்து அறை எடுக்காத குடும்பம் எந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, எந்த வழியாகக் கால் நனைக்கப் போகும்? குப்பத்துக்குப் போகும் தெருக்களை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. கரைவலை இழுக்கும் இடத்தில் செல்ஃபி எடுப்பவர் கூட்டம் போய் நிற்பதற்கும் இதுதான் காரணம். சுற்றுலாவின் லாபம் விடுதிக்கு, அதன் நெரிசல் மீனவருக்கு.

தென்பாதி வேறு உலகம். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையும் கல்லறைகளும் இருக்கின்றன. அதைத் தாண்டி வாயலூர் அருகே சாலை பாலாற்றைக் கடக்கிறது. வறண்ட ஆறு என்று நாம் எழுதித் தள்ளிவிட்ட பாலாறு கடலைச் சேரும் இடம் எவ்வளவு அகலம் என்பது அந்தப் பாலத்தில்தான் தெரியும். பிறகு பரமன்கேணிப் பாலம், ஓதியூர்க் கழி, முதலியார்குப்பம் படகு குழாம். இருபுறமும் தண்ணீர் விரிந்து கிடக்க, தூரத்தில் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். பருவத்தில் போனால் பூநாரைகள் நிற்கும். மேற்கே பழைய பக்கிங்காம் கால்வாய் கூடவே வருகிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகிலேறிச் சென்னைக்குப் போன வழி அது. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தக் கரையின் முதல் நெடுஞ்சாலை தண்ணீரால் ஆனது.

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குப் பரிசாகப் போய், 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டு, 2004 சுனாமியில் மேலும் சிதைந்தது. பராமரிப்பு என்று சொல்லும்படி அதிகம் இல்லை. ஆனாலும் கோட்டைச் சுவரின் மேலிருந்து கழியையும் கடலையும் ஒருசேரப் பார்க்க முடிகிறது. இந்த 150 கிலோமீட்டரில் அதற்கு இணையான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அதன் பிறகு மரக்காணம் உப்பளங்கள், அவற்றுக்கு அப்பால் 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கழுவேலி. வெள்ளத்தைத் தாங்கி இந்த மண்ணைக் காக்கும் சதுப்பு நிலத்தை, சாலையில் போகும் பத்தில் ஒருவராவது பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

தென்பாதிக்கும் கேடு வராமல் இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலை தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகி, நான்கு வழியாக அகலமாகிறது. இரவில் எதிர்வண்டி விளக்குக்கு அஞ்சி இந்தச் சாலையில் ஓட்டியவர்கள் அதை வரவேற்பார்கள். விபத்துக்கு இந்தச் சாலை பெயர் போனது, பாதுகாப்பு வாதத்தைத் தள்ள முடியாது. ஆனால் கழிமேல் போகும் பாலத்தில் ஒதுங்கி நிற்க இடம் வைக்காமல் வேகத்தை மட்டும் கூட்டினால், இருக்கிற ஒரே காட்சியும் பத்து நொடியில் பின்னால் போய்விடும். வேகத்துக்குப் பின்னால் மதில் வரும் என்பது வடபாதி காட்டிய பாடம். 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் ஊரகக் கரைகளில் கட்டடத் தடைப் பரப்பை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தும் இருக்கிறது.

கரையில் கைவைப்பதன் முடிவு எப்படி இருக்கும் என்பதைச் சாலையின் கடைசிக் கிலோமீட்டர்களே சொல்கின்றன. இந்தக் கரையில் ஆண்டு முழுவதற்குமாகக் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. நகரத்தின் கடற்கரை போனது. அதைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் வீடுகளைத் தின்றது. அங்கே சாலைக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிறது. அந்த நெருக்கத்தை அழகு என்று சொல்ல மனம் வரவில்லை.

என் தீர்ப்பு இது: சென்னை முதல் மாமல்லபுரம் வரை இது கடற்கரைச் சாலை என்ற பெயருக்குத் தகுதி இல்லாத, நல்ல அருங்காட்சியகங்கள் உள்ள ஒரு புறநகர்ச் சாலை. வாயலூர் முதல் மரக்காணம் வரை, தமிழ்நாட்டில் காரில் உட்கார்ந்தபடி நெய்தலைப் பார்க்கக் கிடைக்கும் நல்ல வழிகளில் ஒன்று. ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் பறவையும் இருந்து உப்புப் பாத்தியும் வேலையில் இருக்கும் பிப்ரவரியில் போங்கள். விடியலில் சென்னையை விட்டு, மாமல்லபுரத்தை இன்னொரு நாளுக்கு ஒத்திவைத்து, நேரே வாயலூர்ப் பாலத்துக்குப் போய் அங்கிருந்து பயணத்தைத் தொடங்குங்கள்.