நைரோபியில் இரண்டு பகல்

கிழக்கு ஆப்பிரிக்காவை முதுகுப்பையோடு சுற்றி வந்தவர்களிடம் நைரோபியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே யோசனைதான் கிடைக்கும்: இறங்கு, ஓர் இரவு தூங்கு, விடிந்ததும் மசாய் மாராவுக்கோ அருஷாவுக்கோ வண்டி ஏறிவிடு. நெரிசல், செலவு, வழிப்பறி என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான். இருந்தும் அந்த யோசனை தவறு என்பேன்.

ஒரு நாள் தங்குகிறவர்களுக்கென்று ஒரு வழக்கமான பட்டியல் உண்டு. காலை 11 மணிக்கு ஷெல்ட்ரிக் காப்பகத்தில் தாயை இழந்த யானைக்குட்டிகள் புட்டிப்பால் குடிப்பதைப் பார்ப்பது, பிறகு ஒட்டகச்சிவிங்கி மையம், பிறகு எழுத்தாளர் கேரன் பிளிக்சன் வாழ்ந்த வீடு. தனித்தனியாக எதையும் குறை சொல்ல மாட்டேன். ஷெல்ட்ரிக் அமைப்பு குட்டிகளை வளர்த்துத் திரும்பவும் சாவோ காட்டில் சேர்க்கிறது, அது மதிக்க வேண்டிய பணி. ஆனால் மூன்றுமே நகரின் தென்மேற்குப் புறநகரில் இருக்கின்றன. காலனி ஆட்சியில் மேற்குப் பக்கம் வெள்ளையருக்கு, பார்க்லாண்ட்ஸ், ங்காரா போன்ற பகுதிகள் இந்தியருக்கு, கிழக்கு ஆப்பிரிக்கருக்கு என்று ஊர் பிரிந்து கிடந்தது. ஆப்பிரிக்க ஆண்கள் கிபாண்டே என்ற அடையாளச் சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடமாட வேண்டியிருந்தது. பயணிக்குச் சொல்லப்படும் ‘பார்க்க வேண்டிய’ இடங்களும் ‘போகக் கூடாத’ தெருக்களும் இன்றும் ஏறக்குறைய அதே கோட்டின் இரு பக்கங்களில்தான் விழுகின்றன. வாடகைக் காரில் அந்த மூன்றையும் சுற்றித் திரும்புகிறவர் தோட்டங்களைப் பார்த்திருப்பார், ஊரைப் பார்த்திருக்க மாட்டார்.

ஊர் இருப்பது நடுநகரில். மோம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட்டுக்கொண்டு வந்தவர்கள் 1899இல் கூடாரம் அடித்த இடம் இது. அந்தப் பாதைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலியாட்கள் ஏறத்தாழ 32,000 பேர். அவர்களில் சுமார் 2,500 பேர் மடிந்தார்கள். ரயில்வே அருங்காட்சியகத்தில், 1900இல் கிமா நிலையத்தில் சிங்கம் உள்ளே புகுந்து ரயால் என்ற போலீஸ் அதிகாரியை இழுத்துப்போன பெட்டி நிற்கிறது. உள்ளே ஏறி நின்றால் அது எவ்வளவு ஒடுக்கமானது என்று தெரியும்.

அங்கிருந்து நடந்தே ஜீவன்ஜி தோட்டத்துக்குப் போகலாம். ரயில்வே ஒப்பந்ததாரராக இருந்த இந்திய வணிகர் ஏ. எம். ஜீவன்ஜி 1906இல் ஊருக்குக் கொடுத்த நிலம் அது. பின்னாளில் அங்கே கட்டடம் எழுப்ப நடந்த முயற்சிகளை மக்கள் முறியடித்தார்கள். மதியத்தில் ஒரு மரத்தடியில் மதப்பிரசங்கம் நடக்கும், இன்னொன்றின் கீழ் அரசியல் வாக்குவாதம் சூடு பிடிக்கும். ‘புங்கே லா ம்வனஞ்சி’ என்ற சாமானியர் நாடாளுமன்றம் பல ஆண்டுகளாகக் கூடிய இடம் அது. சற்றுத் தள்ளி உஹுரு பூங்கா. 1989இல் அங்கே 60 மாடிக் கோபுரம் கட்ட அரசு முனைந்தபோது எதிர்த்து நின்று தடுத்தவர் சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய். இந்த இரண்டு பூங்காக்களிலும் ஒரு பகல் உட்கார்ந்திருப்பது எந்தச் சுற்றுலாப் பொதியும் தராத பாடம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பயம் பொய்யில்லை. மோய் அவென்யூவுக்குக் கிழக்கே டாம் ம்போயா தெரு, ரிவர் ரோடு பக்கம் கைபேசியைப் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். மட்டாட்டு என்னும் தனியார் சிற்றுந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் அதை வெளியே எடுக்கக் கூடாது. ஆனால் இந்த ஆபத்து இருட்டோடும் கவனக்குறைவோடும் கூடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வருடம் முழுக்க மாலை ஆறரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதற்குமுன் விடுதி திரும்புகிறவர் மட்டாட்டில் ஏற அஞ்ச வேண்டியதில்லை. வெளிப்புறம் முழுக்க ஓவியம், உள்ளே காது அடைக்கும் பாட்டு, வாசலில் தொங்கியபடி தகரத்தைத் தட்டும் நடத்துநர். மழை பிடித்தால் கட்டணம் ஏறும், உள்ளூர்க்காரரும் அதே கட்டணத்தைத்தான் முணுமுணுத்துக்கொண்டு கொடுக்கிறார்.

1946இல் அமைந்த நைரோபி தேசியப் பூங்காதான் கடினமான கேள்வி. நகரை ஒட்டியே 117 சதுர கிலோமீட்டர் புல்வெளி, சிங்கம், காண்டாமிருகம். யானை கிடையாது. நடந்து சுற்ற முடியாது, வண்டி பிடிக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கென்யர் தருவதைப் போலப் பல மடங்கு. 2016இல் 105 டன் தந்தத்தைக் குவித்து எரித்த இடமும், பூங்காவுக்குக் குறுக்கே பாலத்தில் ஓடும் புதிய ரயிலும் காட்டைக் காப்பதில் இந்த நாட்டுக்குள்ளேயே இருக்கும் இழுபறியை ஒருசேரக் காட்டுகின்றன. மாராவுக்குப் போகிறவர் இதை விட்டுவிடலாம். போக முடியாதவர் ஒரு காலையை இதற்கே கொடுக்கட்டும்.

கிபேரா குடிசைப்பகுதியைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணம் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே தெரிந்தவர் அழைத்தால் விருந்தாளியாகப் போகலாம். காசு கொடுத்து அடுத்தவர் வீட்டு வாசலை எட்டிப் பார்ப்பதற்கு எந்த நல்ல நோக்கமும் நியாயமாகாது.

ஆக, ஆறேழு மணி நேரமே கையில் இருந்தால் விமான நிலையத்திலேயே இருந்துவிடுங்கள். போக்குவரத்து நெரிசலே பாதியை விழுங்கிவிடும். இரண்டு பகல் இருந்தால் நடுநகரில் தங்குங்கள். மதியம் உகாலி என்ற சோளக்களியும் சுகுமா விக்கி என்ற கீரையும் கிடைக்கும் சிறு கடையில் சாப்பிடுங்கள். 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, பையில் இருந்தால் கிளம்புமுன் எடுத்துவிடுங்கள்.