பிறந்த வீடும் புகலிடமும்: சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை முன்வைத்து

குடும்ப வன்முறை பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் புகுந்த வீட்டையே களமாகக் கொள்கின்றன. கணவன் அடிக்கிறான், மாமியார் ஏசுகிறாள், பெண் பொறுக்கிறாள் என்னும் வாய்பாடு அவற்றில் நிலைபெற்றுவிட்டது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) இவ்வாய்பாட்டுக்குள் அடங்குவதில்லை.

நாவலில் வரும் பிர்தவ்ஸ் தனக்கு ஒவ்வாத மணவாழ்வை மறுத்துத் தாய்வீடு திரும்புகிறாள். பிற படைப்புகள் பல, 'மீட்சி' என்று முடித்துக்கொள்ளும் இடம் இது. சல்மாவின் அக்கறையோ அதற்குப் பின்னர் நிகழ்வதில் உள்ளது. மகளின் காதல் வெளிப்பட்டதும் நஞ்சூட்டுபவள் தாயே. ஊரின் வாய்க்கு அஞ்சியவளாகவே அவளைக் காண முடிகிறது. கொடியவள் என ஒதுக்கிவிட முடிவதில்லை. பெண்கள் கூடிப் பேசும் பேச்சும் துன்பத்தை அடையாளம் காண்கிறதேயன்றி உதவியாக மாறுவதில்லை. பல நேரங்களில் அது தீர்ப்பாகவே முடிகிறது.

சட்டமும் இவ்விடத்தில் தயங்கியே வந்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல், மனம், பாலியல், பொருள் சார்ந்த கொடுமைகளையும் வன்முறை என்றது. இரத்த உறவையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆயினும் எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாக இருத்தல் வேண்டும் என்றது; கணவனின் உறவினருக்கு மட்டும் விலக்களித்தது. எனவே மாமியார்மீது மருமகள் முறையிடலாம். தாய்மீது மகள் முறையிட இயலாது. 2016இல்தான் உச்சநீதிமன்றம் அவ்வரையறையிலிருந்து 'வயதுவந்த ஆண்' என்னும் சொற்களை நீக்கியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே வெளிவந்த இந்நாவலைப் பாலியல் வெளிப்படைத்தன்மை குறித்த சர்ச்சைக்குள் மட்டும் நிறுத்திப் படித்தது திறனாய்வின் குறையே.