பிறந்தவீட்டுச் சீர்

பாதி விரிந்த மஞ்சள் ரோஜாவை விடியற்காலையில் பார்க்க வேண்டும். முழுதாக மலர்ந்துவிட்டால் கண் நிறத்தில் மயங்கிவிடும். பாதி விரிந்த பூவில்தான் எந்தச் சீர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது தெரியும்.

முதலில் மொட்டின் நெட்டழகு. கூர்ந்து உயர்ந்து, இதழ் விளிம்பை மட்டும் மெல்ல வெளியே சுருட்டிக்கொள்கிறது. பழைய ஐரோப்பிய ரோஜாக்களின் மொட்டு குட்டையானது. இந்தக் கூர்மை ரோசா ஜைஜான்டியா என்ற காட்டுக்கொடி தந்தது. 1882-இல் தாவரவியலாளர் ஜார்ஜ் வாட் மணிப்பூர் மலையில் அதைக் கண்டார்; ஐந்தே இதழ், உள்ளங்கை அகலப் பூ. அதற்கு வெகுகாலம் முன்பே அதன் வழிவந்த டீ ரோஜாக்கள் சீனத் தோட்டங்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயிருந்தன.

அடுத்து, மஞ்சள். வெளிறிய மஞ்சள் அல்ல, மஞ்சள்கிழங்கை உரசியது போன்ற அடர்த்தி. இதைத் தந்தது பாரசீக மஞ்சள் ரோஜா; அதில் விதை பிடிப்பதே அரிது. லியோன் நகரத்து ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-துஷே அதன் மகரந்தத்தைத் தோட்ட ரோஜாக்களில் சேர்த்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1900-இல் 'சொலேய் தோர்' ரோஜாவை உலகுக்குத் தந்தார். பொற்கதிரவன் என்று பொருள். கூடவே கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆட்படும் குணமும் வந்தது. அடியிலை பழுத்து உதிரும்போதெல்லாம் அந்தப் பாரசீகப் பாட்டியை நினைத்துக்கொள்கிறேன்.

பக்கத்துக் கிளையில் இன்னொரு மொட்டு. ஆண்டு முழுதும் பூப்பது சீன ரோஜா தந்த வரம். பூப்பதை அடக்கி வைக்கும் மரபணு ஒன்றுக்குள், இடம்விட்டு இடம் தாவும் ஒரு மரபுத் துண்டு வந்து புகுந்துகொண்டது. காவல் ஓய்ந்தது, பூ ஓயவில்லை. எத்தனை சிறிய பிசகு, எத்தனை பெரிய கொடை!

உலகில் ஏறத்தாழ 150 ரோஜா இனங்கள் உண்டு. இன்றைய தோட்ட ரோஜாக்களில் கலந்திருப்பவை எட்டுப் பத்துதான். கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதி இந்தக் குறையை உணர்ந்து, ஜைஜான்டியாவையும் ஆற்றோர ஈரத்தில் வளரும் ரோசா கிளைனோஃபில்லாவையும் தங்கள் கலப்புகளில் சேர்த்தார்கள். நம் வெயிலைத் தாங்கும் ரோஜா வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

கிளைனோஃபில்லாவின் பூ வெள்ளை, ஒற்றை அடுக்கு. பூங்கொத்தில் அதற்கு இடம் கிடைக்காது. ஆனால் காலடியில் தண்ணீர் தேங்கினாலும், தலைக்குமேல் கோடை கொளுத்தினாலும் பச்சை மாறாமல் நிற்கிற அந்த இலையைப் பாருங்கள். தோட்ட ரோஜாவுக்கு இன்னும் முழுதாக வந்து சேராத சீர் அதில் இருக்கிறது. அது வளரும் ஆற்றங்கரையை நாம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.