சாரத்திலிருந்து விழுந்த போன்

‘போன் சாரத்திலிருந்து விழுந்திட்டுது’ என்று யாழ்ப்பாணம் சுன்னாகத்திலிருந்து என் அண்ணர் சொன்னால் நான் பதறமாட்டேன். எங்கள் ஊரில் சாரம் என்றால் முதலில் இடுப்பில் கட்டுவதுதான். குந்தியிருந்து கல்லு வைக்கிற மேசன் எழும்பும்போது மடிப்பு தளரும், போன் நழுவும். மிஞ்சிப்போனால் ஒரு மீற்றர் உயரம். அதே வசனத்தைச் செங்கல்பட்டில் ஒரு மேஸ்திரி சொன்னபோது கூட இருந்தவர்கள் எல்லாரும் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். நான் மட்டும் அவருடைய இடுப்பைப் பார்த்தேன். அங்கே சாரம் என்பது கட்டடத்தைச் சுற்றிச் சவுக்குக் கட்டையிலும் இரும்புக் குழாயிலும் கட்டுவது. போன் மூன்றாம் மாடியிலிருந்து ஜல்லிக் குவியலில் விழுந்திருந்தது.

வேலைத்தலத்துக்கு ஏற்ற உறுதியான போன் எது என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இரண்டு சாரங்களும்தான் நினைவுக்கு வரும். அண்ணர் முப்பது வருட மேசன். இப்போது ஆட்களை வைத்து வீடு கட்டிக்கொடுக்கிறார். நான் வேலை நிமித்தம் இரண்டு வருடம் செங்கல்பட்டில் இருந்தபோது வாடகை வீட்டுக்கு எதிரே ஓர் அடுக்குமாடி எழும்பியது. மாலையில் தேநீர்க் கடையில் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரோடும் பேச்சு. பேச்சில் பாதி போனைப் பற்றியது.

முதலில் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துவிடலாம். உறுதியான போன் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் ‘மில்-எஸ்டிடி-810எச்’ என்று ஒரு வரி இருக்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கருவிகளுக்கு எழுதிவைத்த சோதனை முறை அது. அதில் விழுத்திப் பார்க்கும் சோதனை 1.22 மீற்றர் உயரத்திலிருந்து, விளிம்பு, மூலை, பக்கம் என்று 26 தடவை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த 26 தடவையையும் ஐந்து போன்கள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். இராணுவம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. எந்தச் சோதனைகளைச் செய்தோம் என்பதைக் கம்பனியே தெரிவுசெய்து கம்பனியே சொல்லிக்கொள்ளும். அண்ணரின் சாரத்துக்கு அது போதும். செங்கல்பட்டுச் சாரத்துக்குப் போதாது.

அடுத்தது ஐபி எண். ஐபி68 என்றால் முதல் இலக்கமான 6 தூசி உள்ளே போகாது என்கிறது. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதற்கும் மேல், எவ்வளவு என்பதைக் கம்பனி சொல்லும். ஐபி69 சூடான தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சி அடிக்கும் சோதனை. எல்லாம் நல்ல தண்ணீரில், புதுப் போனில். சீமெந்து கரைந்த தண்ணீர் கடுமையான காரம். ஒரு நாள் கையுறை இல்லாமல் வேலை செய்தவனின் விரலைப் பார்த்தால் தெரியும். எங்கள் பக்கத்து வடமராட்சிக் கரையில் உப்புக் காற்று வேறு. நீச்சல் தடாகத்திலும் கடலிலும் பாவிக்கலாம் என்று தோன்றும்படி விளம்பரம் செய்ததற்காக 2022இல் அவுஸ்திரேலியாவில் சாம்சுங்குக்கு 14 மில்லியன் டொலர் தண்டம் விழுந்தது. நம் இரண்டு நாடுகளிலும் கடைக்காரர் தண்ணீர் பட்டதைக் கண்டால் ‘வாரண்டி இல்லை’ என்பார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இனி ஆட்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதைப் பார்க்கலாம். இங்கேதான் பாக்குநீரிணை உண்மையிலேயே குறுக்கே கிடக்கிறது.

செங்கல்பட்டில் நான் பழகியவர்களில் உறுதியான போன் என்று தனியாக வாங்கியவர் ஒருவரும் இல்லை. பத்துப் பதினையாயிரம் ரூபாய்க்குச் சாதாரணப் போன், மாதத் தவணையில். அதற்கு ஒரு தடித்த ரப்பர் பவுச், ஒரு டெம்பர் கிளாஸ். உடைந்தால் மாற்றிக்கொள்வது. மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த அந்தப் போனை மறுநாளே மேஸ்திரியின் கையில் பார்த்தேன். “டிஸ்ப்ளே போயிருச்சு சார், காம்போ மாத்திட்டேன். ஒரு மணி நேரம்தான் ஆச்சு” என்றார். காம்போ என்றால் டிஸ்பிளேயும் அதன் மேலுள்ள தொடுகண்ணாடியும் சேர்ந்த ஒரே துண்டு. சென்னை ரிச்சி தெருவில் எந்த மாடலுக்கும் அது அடுக்கிக் கிடக்கும். செங்கல்பட்டுக் கடைக்காரர் காலையில் சொன்னால் மாலைக்குள் ரயிலில் வந்துவிடும். போன் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கிற ஸ்ரீபெரும்புதூர் அதே வட்டாரம்தான். 2006இல் அங்கே நோக்கியா திறந்து 2014இல் மூடிப் போனாலும் போன் பொருத்தவும் பழுது பார்க்கவும் தெரிந்த கைகள் அந்தப் பக்கத்தில் குறைவில்லை.

இதில் ஒரு விஷயத்தை யாரும் வாங்குபவரிடம் சொல்வதில்லை. திரையைக் கழற்ற ஒரு தடவை போனைத் திறந்துவிட்டால் சுற்றிலும் உள்ள ஒட்டுப்பசை போய்விடும். அதற்குப் பிறகு பெட்டியில் இருந்த ஐபி எண்ணுக்கு அர்த்தம் இல்லை. மேஸ்திரியிடம் சொன்னேன். “மழை வந்தா கவர்ல சுத்திக்குவேன்” என்றார். தமிழ்நாட்டில் கவர் என்றால் பிளாஸ்டிக் பை. மெல்லிய பைக்குள்ளிருந்தே தொடுதிரை வேலை செய்யும். எங்கள் ஊர் மேசன்மாரும் சொப்பின் பையில் அதையேதான் செய்கிறார்கள்.

இந்தியாவில் உறுதியான போன் கிடைக்காமல் இல்லை. 2024இல் சாம்சுங்கின் எக்ஸ்கவர்7 சுமார் 27,000 ரூபாய்க்கு வந்தது. பற்றரியைக் கையால் கழற்றி மாற்றலாம், அதுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஆனால் அது கம்பனிகளுக்கு மொத்தமாக விற்பதற்காக வந்தது. தெருமுனைக் கடைக் கண்ணாடிக்குள் நான் கண்டதில்லை. அதே ஆண்டில் ஒப்போ, ரியல்மி போன்றவை சாதாரணப் போனுக்கே ஐபி69 என்று போட்டு விற்கத் தொடங்கின. கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோகக்கூடிய மெல்லிய போனிலேயே அந்த எண் இருக்கும்போது மஞ்சள் விளிம்பு வைத்த கல்லை யார் வாங்குவார்?

அண்ணர் வாங்கினார்.

அதற்குக் காரணம் இருந்தது. இலங்கையில் போன் பெரும்பாலும் இறக்குமதிதான். 2021 செப்ரெம்பரில் மத்திய வங்கி அவசரமற்ற பொருட்களின் பட்டியல் ஒன்றைப் போட்டு, அவற்றை இறக்க முழுப் பணத்தையும் முன்கூட்டியே வங்கியில் வைக்கவேண்டும் என்றது. கைத்தொலைபேசியும் அதில் அடக்கம். அடுத்த வருடம் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமாகியது. எனவே இங்கே போன் வாங்குவது மோட்டார் சைக்கிள் வாங்குவதுபோல ஒரு குடும்பத் தீர்மானம். உடைந்தால் மாற்றுவோம் என்ற துணிவு வராது. உடையாததை வாங்குவோம் என்றுதான் தோன்றும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை மறக்காதவர்களுக்குப் பெரிய பற்றரி என்ற சொல்லும் இனித்தது. கொழும்பு லிபர்ட்டி பிளாசாவிலும் புறக்கோட்டையிலும் சீனாவின் டூகீ, யூலிஃபோன், பிளாக்வியூ வகைப் போன்களை இறக்கி விற்பவர்களுக்கு இப்படி ஒரு சந்தை உண்டு.

அண்ணர் வாங்கியது 10,000 மில்லி ஆம்பியர் மணி பற்றரி உள்ளது. மூன்று நாள் சார்ஜ் நிற்கும். கொங்கிறீற் மிக்சர் பக்கத்தில் ஓடினாலும் மணி கேட்கும். இரண்டு தடவை கொங்கிறீற் பிளேற் மேலிருந்து விழுந்தது, கீறலோடு தப்பியது. பாரம் மட்டும்தான் பிரச்சினை. சாதாரணப் போன் 200 கிராம் என்றால் இந்த வகை அதைப்போல இரண்டு மடங்கு. சாரத்தின் மடிப்பு அதைத் தாங்கவில்லை. “போன் விழுந்தாப் பறவாயில்லை, சாரமும் சேர்ந்தெல்லோ விழப் பாக்குது” என்று அண்ணி சிரித்தார். பிறகு அண்ணர் அதை ஜன்னலுக்கு விட்ட இடைவெளியில், தேத்தண்ணிப் போத்தலோடு வைக்கத் தொடங்கினார். இடுப்பில் இல்லாத போன் விழப்போவதில்லை. ஆக, உறுதியான போன் என்று கொடுத்த காசு வீண்.

உண்மையான சோதனை இரண்டாவது வருடத்தில் வந்தது. சார்ஜ் குத்தும் வாயை மூடும் ரப்பர் மூடி பிய்ந்துபோனது. உள்ளே சீமெந்துத் தூசி இறுகியது. அண்ணர் ஈர்க்கிலால் கிண்டினார். கொஞ்ச நாள் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். ‘கொழும்பிலிருந்து வரவேணும்’ என்றார்கள். கொழும்பில் கேட்டால் ‘சீனாவிலிருந்து வரவேணும்’. ஏழு கிழமை. எந்த அடிக்கும் உடையாத போன், ஒரு சின்ன உதிரிப்பாகத்துக்காக மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. பெரிய பெயருக்கும் இது நடக்கும். கேட்டர்பில்லரின் பெயரில் ‘கேட்’ போன்களைச் செய்துவந்த பிரிட்டனின் புல்லிட் குழுமம் 2024 தொடக்கத்தில் இழுத்து மூடப்பட்டது. 2016இல் வெப்பம் காட்டும் கமராவோடு வந்த கேட் எஸ்60 அவர்களுடையதுதான். சூடேறும் வயர் மூட்டைச் சுவருக்கு வெளியிலிருந்தே கண்டுபிடிக்க எந்த வயரிங்காரனும் ஆசைப்படும் போன். அதை ஆசையாய் வாங்கியவர்கள் இன்று உதிரிப்பாகத்துக்கு எங்கே போவார்கள்?

போன் எதற்கு என்பதிலும் இரண்டு கரைக்கும் வித்தியாசம் உண்டு. செங்கல்பட்டு மேஸ்திரிக்கு அது பணப்பை. சனிக்கிழமை மாலை பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் யுபிஐயில் போகும். அந்தப் போன் உடைந்து வேறு போனுக்கு மாறினால் சிம்மைப் போட்டு, செயலியை மறுபடி பதிந்து, முதல் 24 மணி நேரம் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. சனிக்கிழமை காலை உடைந்தால் மாலையில் பன்னிரண்டு பேருக்கு என்ன பதில் சொல்வது? எனவே அவர் திரை மாற்றக் கொடுப்பாரே தவிரப் போனை மாற்றமாட்டார். இந்திய அரசின் நூறு நாள் வேலைத் திட்டத் தளங்களிலும் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவைச் செயலியில், நாளுக்கு இரண்டு தடவை படத்தோடு ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. கத்திரி வெயிலில் போன் சூடேறித் திரை மங்கினால் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் கூலிக்குச் சிக்கல். வெயிலில் தெரியும் திரை எது என்று எந்தப் பெட்டியும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. கடைக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும்.

அண்ணரின் வேலைத்தலத்தில் கூலி இன்றும் பெரும்பாலும் கைக்காசு. போன் அங்கே வீட்டுக்காரரின் கண். வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருப்பார். இங்கே காலை ஆறரை என்றால் கோடையில் அங்கே முதல் நாள் இரவு ஒன்பது. பிளேற் போடுவதற்கு முன் கம்பியின் இடைவெளியை அளவு நாடா வைத்து வட்ஸ்அப்பில் காட்டவேண்டும். படம் திருப்தியாக இருந்தால்தான் அடுத்த தவணைக் காசு வரும். சீமெந்துத் தண்ணீர் கமராவின் கண்ணில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைப் படலம் பிடிக்கும்; சாரத்தால் தேய்த்தால் மணல் கீறும். ஒருநாள் மறுமுனையிலிருந்து கேள்வி வந்தது: “அண்ணை, ஏன் சுவர் எல்லாம் புகைஞ்சு கிடக்கு? மழையிலயோ பூசினனீங்கள்?” பூச்சு நன்றாகத்தான் இருந்தது. உறுதியான போன்களில் மலிவானவற்றின் கமரா சுமாரானதுதான். காசு பற்றரிக்கும் ரப்பருக்கும் போய்விடும். இந்த வேலைக்குக் கமராதான் முதல் தேவை என்பது அண்ணருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கட்டாரில் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள் கொண்டுவரும் போனை வாங்குவதற்கு முன், அது ஒழுங்கான போன்தானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஸ்டார்-ஹாஷ்-06-ஹாஷ் அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, முன்னால் ஐஎம்இஐ என்று போட்டு, இலங்கையில் 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இந்தியாவில் முன்னால் கேஒய்எம் என்று போட்டு 14422க்கு. பழைய போன் வாங்குகிற எவரும் இதைச் செய்யாமல் காசை எடுக்கக்கூடாது.

இப்போது அண்ணரிடம் இரண்டு போன். இடுப்பில் டோர்ச் வைத்த ஒரு பட்டன் போன். 2003இல் நோக்கியா 1100 வந்தபோது தூசி புகாத பட்டனும் டோர்ச்சுமாக இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருந்ததே, அந்த வம்சம். சாப்பாட்டுப் பைக்குள், நல்ல கமராவோடு ஒரு சாதாரணப் போன். அதை வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். கடைப் பொடியன் ஐபி எண்ணைச் சொல்லத் தொடங்க, அண்ணர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, அதை விடும். இதின்ரை டிஸ்பிளே உங்களிட்டை இப்ப கிடக்கோ?”

“புதுப் போன் அண்ணை, உடையாது.”

“கிடக்கோ எண்டுதான் கேட்டனான்.”

பொடியன் உள்ளே போய்த் தேடினான். அந்த மாடலுக்கு இல்லை. பக்கத்து மாடலுக்கு மூன்று இருந்தது. அண்ணர் பக்கத்து மாடலை எடுத்துக்கொண்டார்.