அடேயப்பா, வால்தெல்லினா!

மிலான் சென்ட்ரல் ஸ்டேஷனில் திரானோ ரயில் ஏறுகிறவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள்: ஓடிப்போய் இடதுபக்கச் சன்னலோரம் உட்காருங்கள். கைக்குட்டை போட்டாவது இடம் பிடியுங்கள், வெட்கமே படவேண்டாம், நான் பட்டதில்லை. இரண்டரை மணி நேரப் பயணம். லெக்கோ தாண்டியதும் கோமோ ஏரி அந்தப் பக்கமாகத்தான் கூடவே வரும். அதைப் பார்த்தே பாதிப்பேர் சொக்கிப்போய், வந்த காரியம் முடிந்ததென்று நினைத்துவிடுவார்கள். ஐயா, ஏரியெல்லாம் சும்மா டிரெய்லர்! கோலிகோவில் ரயில் கிழக்கே திரும்பும், அத்தா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழையும், அப்புறம் அதே இடதுபக்கம் ஒரு மலைச்சரிவு எழும்பி நிற்கும். மோர்பேன்யோவைக் கடந்து சோந்திரியோ நெருங்க நெருங்க அந்தச் சரிவு முழுக்கக் கோடு கோடாகக் கிழித்த மாதிரி தெரியும். உற்றுப் பாருங்கள். அத்தனையும் மதில். ஒவ்வொரு மதிலின் தலையிலும் திராட்சைக் கொடி. இத்தாலியின் வடகோடியில், சுவிஸ் எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிற வால்தெல்லினா இதுதான். உலகத்தில் எத்தனையோ சிவப்பு ஒயின் ஊர்கள் இருக்கின்றன, எனக்கென்னவோ இதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். செங்குத்தான பாறைமலை. மண் என்று சொல்ல ஒரு பிடி தேறாது. அங்கே போய் யாரோ ஒருவன், பல நூறு வருஷத்துக்கு முன்னால், இங்கே கொடி வைக்கலாம் என்று முடிவுகட்டியிருக்கிறான். பாறையை உடைத்து, உடைத்த கல்லையே அடுக்கி மதில் எழுப்பி, மதிலுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை நிரப்ப அடிவாரத்திலிருந்து முதுகுக்கூடையில் மண் சுமந்து ஏற்றி, மழை வந்து அந்த மண்ணைக் கீழே இழுத்துக்கொண்டு போனால் மறுபடி கூடையோடு இறங்கி அதே மண்ணை அள்ளிக்கொண்டு ஏறி, அப்பன் கட்டியதற்கு மேலே மகன் ஒரு தட்டு கட்டி, அதற்கு மேலே பேரன் ஒரு தட்டு கட்டி, இன்றைக்கு அந்த மதில்களையெல்லாம் வரிசையாக நீட்டினால் சுமார் 2,500 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள்! சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, கல்லின் மேல் கல், அவ்வளவுதான். கலவை வைத்துப் பூசினால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி மதிலையே தள்ளிவிடும், இடுக்கு இருந்தால்தான் தண்ணீர் வடியும். இப்படிக் கல்லடுக்கும் கலையை 2018-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது, இத்தாலியோடு இன்னும் ஏழு நாடுகளுக்கும் சேர்த்து. எனக்கு அந்தப் பட்டயமெல்லாம் வேண்டாம், மதிலைத் தொட்டுப் பார்த்ததே போதும்.

ஆமாம், தொட்டேன். தொட்டேன் என்ன, கட்டிப்பிடிக்காத குறைதான். சோந்திரியோவுக்கு மேற்கே பாறையின் மேல் சஸ்ஸெல்லா என்று ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, மாதா கோயில். அதற்குப் பின்னால் தோட்டப்பாதையில் ஏறினோம். அக்டோபர் மாதம், சாயங்காலம், வெயில் இறங்கிவிட்டது, காற்றில் குளிர். மதிலில் கையை வைத்தால் கல் இன்னும் சூடாக இருக்கிறது! பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது அந்தக் கல். இடுக்கில் ஒரு பல்லி வாலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு சுகமாகக் கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை, அந்தப் பாறைக்குப் பக்கத்தில் என்ன முளைத்திருந்தது தெரியுமா? சப்பாத்திக்கள்ளி! தலைக்கு மேலே ஆல்ப்ஸ் சிகரத்தில் புதுப்பனி வெள்ளையாகத் தெரிகிறது, காலடியில் சப்பாத்திக்கள்ளி. நான் கத்தியே விட்டேன். "டேய், மெதுவா, மாதா கோயில்டா" என்று கூட வந்த நண்பன் கையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கென்ன, அவன் மிலான்காரனாகி ரொம்ப வருஷமாகிறது.

இந்த அதிசயத்துக்குக் காரணம் பள்ளத்தாக்கு படுத்திருக்கிற வாகு. ஆல்ப்ஸில் பல பள்ளத்தாக்குகள் வடக்கு தெற்காக ஓடும். இது கிழக்கு மேற்காக நீட்டிப் படுத்திருக்கிறது. அதனால் ஆற்றின் வடகரை முழுக்கத் தெற்குப் பார்த்த சரிவு, காலையிலிருந்து மாலைவரை வெயில். வடக்கே ரேட்டிக் ஆல்ப்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு பனிக்காற்றை மறிக்கிறது, தெற்கே ஒரோபியே மலைகள். எதிர்க்கரைக்குத் திரும்பிப் பாருங்கள், அங்கே ஒரே காடு, நிழல், ஈரம், ஒரு கொடிகூட இருக்காது. நடுவில் ஓடுகிற ஒரு ஆறுதான் இரண்டு உலகத்தைப் பிரிக்கிறது. போதாக்குறைக்கு மத்தியானமானால் கோமோ ஏரியிலிருந்து பிரேவா என்று ஒரு காற்று கிளம்பி வந்து கொடிகளை உலர்த்திவிட்டுப் போகும். பழம் அழுகாமல் இருப்பதில் அதற்கும் பங்குண்டு.

இவ்வளவு ராஜோபசாரம் யாருக்கு? நெபியோலோ மகாராணிக்கு. பீட்மாண்டில் பரோலோ என்ற பெயரில் உலகத்தையே ஆட்டிவைக்கிற அதே திராட்சை. இங்கே அவளைக் கியாவென்னாஸ்கா என்று கூப்பிடுகிறார்கள். எல்லாக் கொடியும் பழுத்து முடிந்த பிறகு நிதானமாக அக்டோபரில் பழுப்பாள், கொஞ்சம் குளிர்ந்தால் முகம் சுளிப்பாள், கொஞ்சம் நிழல் விழுந்தால் புளிப்பிலேயே நின்றுவிடுவாள். அப்படிப்பட்டவளை ஆல்ப்ஸ் மலைமேல் ஏற்றி உட்காரவைத்திருக்கிறார்கள், கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டரிலிருந்து 700 மீட்டர் வரை. இதை வேறு யாராவது யோசித்திருப்பார்களா!

பள்ளத்தாக்கின் உயர்ந்த ஒயினுக்கு வால்தெல்லினா சுப்பீரியோரே என்று பெயர். 1998-லிருந்து இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்று இதற்கு உண்டு. விற்பனைக்கு வருமுன் 24 மாதம் ஊறவேண்டும், அதில் 12 மாதமாவது மரப்பீப்பாயில். ரிசெர்வா என்றால் 36 மாதம். மேற்கிலிருந்து கிழக்காக மரோஜா, சஸ்ஸெல்லா, குருமெல்லோ, இன்ஃபெர்னோ, வால்ஜெல்லா என்று ஐந்து துண்டு நிலங்கள், போத்தலிலேயே அந்தப் பெயர் போட்டிருக்கும். மரோஜா சின்னஞ்சிறுசு, வால்ஜெல்லா பெரிசு, எனக்கு உயிர் நடுவில் இருக்கிற மூன்றும்தான். குருமெல்லோவில் பாறை உச்சியில் ஒரு பாழடைந்த கோட்டை நிற்கும். இன்ஃபெர்னோ என்றால் நரகமேதான், கோடை மத்தியானத்தில் அந்தக் கல்தட்டுகளில் நின்று வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் என்றால் நம்பலாம். ஆனால் பழத்துக்கு அதுதான் சொர்க்கம்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும். டிராக்டரெல்லாம் இந்தத் தட்டுகளில் ஏறாது. கொடி கத்தரிப்பதிலிருந்து பறிப்பு வரை எல்லாம் கைவேலை, ஒரு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலே. சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளம் போட்டுப் பெட்டிகளை இறக்குகிறார்கள், சில கம்பெனிகள் ஹெலிகாப்டரே வைக்கின்றன. நாங்கள் போன அன்று பறிப்பு நடந்துகொண்டிருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மதிலின் நுனியில், காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில், கொல்லையில் கறிவேப்பிலை பறிக்கிற நிதானத்தோடு குலை வெட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே பார்த்துவிட்டு மதிலோடு ஒட்டிக்கொண்டதைக் கண்டு சிரித்து, ஒரு குலையை நீட்டினார். சின்னச் சின்னப் பழம், மேலே சாம்பல் பூத்திருக்கிறது, கடித்தால் முதலில் தேன், அப்புறம் தோலின் துவர்ப்பு நாக்கைச் சுருட்டிப் பிடிக்கிறது. தெரிந்த ஒரே இத்தாலிய வார்த்தையான கிராட்சியேவை, அதாவது நன்றியை, நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, அந்த அம்மாளே கையைக் காட்டிப் போதும் என்றார்.

இனி ஒயின். இங்கேதான் எனக்குக் கை நடுங்குகிறது. மலையடிவாரத்துப் பாதாள அறை, வவ்வால் வாடை இல்லாத சுத்தமான ஈரம், பெரிய பெரிய பீப்பாய்கள், மூக்கில் பழைய மரமும் நனைந்த கல்லும் கலந்த ஒரு வாசம். கோப்பையில் சஸ்ஸெல்லா ரிசெர்வாவைச் சாய்க்கிறார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்! நெபியோலோ கறுத்து மிரட்டாது, கோப்பைக்கு அந்தப்புறம் உங்கள் விரல் தெரியும், மாதுளை முத்தின் சிவப்பு, வயசாக ஆக ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும். மூக்கருகே கொண்டுபோங்கள். காய்ந்த ரோஜா இதழ், அடுத்து செர்ரி, அடுத்து ஏதோ மலைமூலிகை, அதற்கும் அடியில் மழை பெய்த பாறை. குடியுங்கள். வாய்க்குள் முதலில் ஒரு புளிப்பு குறுக்கே ஓடும், பின்னாலேயே துவர்ப்பு வந்து ஈறைப் பிடிக்கும், ஐயோ என்று நினைப்பீர்கள், ஒரே ஒரு நொடி பொறுங்கள், நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஒரு தித்திப்பு எழும்புமே, அதே தித்திப்பு அடித்தொண்டையிலிருந்து கிளம்பி மேலே வரும், வந்துகொண்டே இருக்கும், கோப்பையைக் கீழே வைத்த பிறகும் இருக்கும், படியேறி வெளியே வந்து மலையைப் பார்க்கும்போதும் இருக்கும், நான் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றுமே பேசாமல் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தேனாம், நண்பன் இன்றைக்கும் போகிற இடமெல்லாம் அதை நடித்துக் காட்டுகிறான், காட்டட்டும்! பரோலோவில் ஒரு ஜமீன்தார் மிடுக்கு இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். இதில் மலைக்காற்று இருக்கிறது. உடம்பு மெலிசு, முதுகெலும்பு இரும்பு.

ஸ்ஃபோர்சாத்தோவை மறந்தால் அந்த ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். நல்ல குலைகளாகப் பொறுக்கி, காற்றோட்டமான மச்சில் தட்டுகளில் பரப்பி, டிசம்பர் வரை வாடவிடுவார்கள். தண்ணீர் வற்றிச் சுருங்கிய பழத்தைப் பிழிந்தால் 14 சதவீதத்துக்குக் குறையாத சாராய வீரியத்தோடு, தித்திப்பில்லாத, கனமான, உலர்ந்த கொட்டைப்பழமும் கொக்கோவும் மணக்கிற ஒயின். 2003-ல் மிக உயர்ந்த தரச்சான்று பெற்றது, அதே முறையில் செய்கிற பிரபல அமரோனே ஒயினுக்கு முன்பே. இரண்டாவது கோப்பையில் ஆளைச் சாய்த்துவிடும், அது குறையென்றால் குறைதான். குளிர் வருஷங்களில் சில சாதா ஒயின்கள் கொஞ்சம் வெடவெடவென்று இருக்கும் என்றும் சொல்வார்கள். போகட்டும் விடுங்கள்.

சாப்பாடு! தேல்யோ என்ற மலையூரின் பிட்சோக்கெரி. பக்வீட் மாவில் செய்த சாம்பல்நிற நாடா, கூடவே உருளைக்கிழங்கும் கோஸும் ஒன்றாக வெந்து வரும். சூடான தட்டில் ஒரு அடுக்கு அது, ஒரு அடுக்கு கசேரா பாலாடைக்கட்டி, மறுபடி அது, மறுபடி இது. கடைசியில் வெண்ணெயில் பூண்டும் சேஜ் இலையும் சிவக்கப் பொரித்துச் சொய்யென்று மேலே கொட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். இவ்வளவு கொழுப்பையும் அறுத்துக்கொண்டு உள்ளே போக நெபியோலோவின் புளிப்பும் துவர்ப்பும்தான் சரி. மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் உப்பிட்டுக் காற்றில் உலர்த்திய பிரெசாவோலாவை விடவே கூடாது, மெல்லிசாகச் சீவித் தருவார்கள்.

சுவிஸ்காரர்களுக்கு இந்த ஒயின் மேல் அப்படி ஒரு பித்து. 1512-லிருந்து 1797 வரை வால்தெல்லினா பெரும்பாலும், இன்றைக்கு சுவிஸ் மாநிலமாக இருக்கிற கிரிசன்ஸின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் கோவேறு கழுதை முதுகில் பீப்பாய் ஏற்றி, பனிக்கணவாய் தாண்டி வடக்கே கொண்டுபோனார்கள். லியோனார்தோ டா வின்சி தன் குறிப்பேட்டில் இந்தப் பள்ளத்தாக்கையும் அதன் வீரியமான ஒயினையும் குறித்துவைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கழுதைக்குப் பதில் சிவப்பு ரயில். திரானோவில் மாதா பேராலயத்துக்கு முன்னால், தெருவிலேயே, கார்களை நிறுத்திவைத்துவிட்டு பெர்னினா ரயில் கடந்துபோகும், அப்படியே பனிமலை ஏறி சென் மோரிட்ஸ் போய்ச் சேரும். அந்த ரயிலுக்காக மட்டும் வந்து, திரானோவில் ஒரு காப்பி குடித்துவிட்டு ஏறிப்போகிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பின்னால் மலை முழுக்க ஒயின் இருக்கிறது சுவாமி, திரும்பிப் பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கத் தோன்றுகிறது.

நீங்களாவது அப்படிச் செய்யாதீர்கள். மோர்பேன்யோவிலிருந்து திரானோ வரை மதில்களுக்கு நடுவே சுமார் 70 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள், அதில் முடிந்த தூரம் நடங்கள். அக்டோபரில் போங்கள். நல்ல பிடிமானமான ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஸ்ஃபோர்சாத்தோ கேட்காமல் சஸ்ஸெல்லா கேளுங்கள், அதுவும் மேலே ஏறி இறங்கி, கால் வலியோடு வந்து உட்கார்ந்த பிறகு கேளுங்கள்.